எல்லைக்கல்லருகே லோப்பின் தொப்பி

மென்சியா ஓடைக்கரைக்கு வந்து சேர்ந்தபோது அவள் பாவாடை முழங்கால்வரை சேறாகியிருந்தது. எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் காஸ்தில் கிறிஸ்தவர்களின் மண். அந்தப் பக்கம் கிரனாதா சுல்தானின் மண். அவள் ஊரில் காலடித் தடம் பார்த்துச் சொல்லும் தடக்காரன் கில் அப்போதுதான் குதிரையின் வலப்பக்கமாக இறங்கியிருந்தான். எதிரூரான அல்மராதாவின் தடக்காரர் முதர்ரிஃப் ஏற்கெனவே தரையைப் பார்த்தபடி குந்தியிருந்தார்.

"பெரியவரே, என் புருஷன் லோப்பை நேத்துலேர்ந்து காணோம். ஆடெல்லாம் தானா பட்டிக்கு வந்துடுச்சு. உங்க ஆளுங்க தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னு தளபதி சொல்றாரு. நெசமா?"

"தடம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்மா."

வழக்கம் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். தடம் எந்த ஊர் மண்ணில் நுழைகிறதோ, அந்த ஊர்த் தடக்காரர் அதை ஏற்க வேண்டும். ஏற்றால் ஆளைத் திருப்பித் தர வேண்டும். தராவிட்டால் சமாதானம் முறியும்.

அது முறிவதற்குத்தான் தளபதி ஓர்துன்யோ காத்திருந்தார். ஆறு வாரங்களுக்கு முன் வடக்கிலிருந்து தனியாக வந்தவர். எதிரூர்க்காரர்களைப் போலவே முழங்காலை மடக்கிச் சவாரி செய்யும் உள்ளூர் வீரர்களை 'அரை முஸ்லிம்கள்' என்று கேலி செய்பவர். அவர்கள் அறுபது பேரும் பின்னால் நிற்க, அவர் இடப்பக்கமாகக் குதித்திறங்கினார்.

"ஏத்துக்கோ, கிழவா. குதிரைத் தடம் உன் மண்ணுல போய் ஓடையில இறங்குது. லோப்போட தொப்பி அங்க கிடக்கு. பக்கத்துலயே உங்க ஊர்ச் செருப்புத் தடம். இன்னும் என்ன வேணும்?"

"ஏத்துக்க மாட்டேன்."

"அறுபது ஈட்டி நிக்குது, தெரியுதா?"

"நல்லாவே தெரியுது. கண்ணு தெரியறதாலதான் மாட்டேங்கிறேன்."

கில்லுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "அண்ணே, சொல்லித் தொலைங்க!"

"உன் குதிரை உன் ஒருத்தனைத்தானே சுமந்துட்டு வந்துச்சு? அதோட குளம்பு எவ்வளவு ஆழம்?"

கில் விரலை விட்டுப் பார்த்தான். "ஒரு விரக்கடை."

"ஓடையில இறங்குற அந்தத் தடம்?"

"அளவும் அதே, ஆழமும் அதே... அப்போ அதுலயும் ஒரே ஆளு! லோப் இங்க வரவேயில்லை!"

"தொப்பியைக் கீழ போட ஒருத்தன் இறங்கியிருக்கான், திரும்ப ஏறியிருக்கான். செருப்புத் தடம் குதிரைக்கு எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்." சொன்னவன் வாயைப் பிளந்தான். "நாம வலப்பக்கமால்ல ஏறுவோம்!"

"எங்க ஊர்லயும் அப்படித்தான். நம்ம பாட்டன்மாருங்க நூறு வருஷம் வெட்டிக்கிட்டே ஒருத்தர்கிட்ட ஒருத்தர் கத்துக்கிட்டது." முதர்ரிஃப் எழுந்து நின்றார். "செருப்பை எந்தச் சந்தையிலயும் வாங்கலாம், தளபதி. பழக்கத்தை வாங்க முடியாது."

"காட்டுப்பய பேச்சு! கிளம்புங்கடா!"

ஒருவரும் அசையவில்லை. நரைமீசை வீரர் ஒருவர் சொன்னார்: "நீங்க முதல்ல ஏறுங்க. எந்தப் பக்கமா ஏறுறீங்கன்னு பார்க்கிறோம்."

யாரோ சிரித்தார்கள். சேணத்தைப் பிடித்த தளபதியின் கை அங்கேயே நின்றது.

மென்சியா முதர்ரிஃபின் பக்கம் திரும்பினாள். "பெரியவரே, அவரு உசுரோட இருக்காரா?"

"இருக்கணும்மா. செத்திருந்தா தளபதி தொப்பியோட விட்டிருப்பாரா? பிணத்தையே கொண்டாந்து என் மண்ணுல போட்டிருப்பாரு."

அவள் நேரே தளபதியின் முன்னால் போய் நின்றாள். "என் புருஷனை உன் சண்டைக்கு விறகாக்கப் பார்த்தியா? கோட்டை நிலவறையிலதானே அடைச்சு வச்சிருக்கே? சாவியைக் குடு."

அவர் கை வாளுக்குப் போனது. அறுபது ஈட்டிகளும் குத்தத் தயாராகத் தாழ்ந்தன. ஒன்றுகூட அல்மராதாவை நோக்கியிருக்கவில்லை.

"குடுன்னேன்," என்று மென்சியா கையை நீட்டினாள்.

தளபதி இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்தார்.