ராணி இல்லாத பெட்டி

ரூபினி ராணித் தேனீயை மிதித்துவிட்டாள். வேண்டுமென்றே இல்லை. வீட்டின் பின்னால் இருந்த தேன்பெட்டியைத் திறந்து அடையைத் தூக்கிப் பார்த்தபோது, ராணி நழுவிப் புல்லில் விழுந்ததை அவள் கவனிக்கவில்லை. செருப்பைத் தூக்கியபோது அந்த நீண்ட கறுத்த உடல் அசையவில்லை.

ராணி என்றதும் உட்கார்ந்த இடத்தில் கட்டளை போடுபவள் என்று நினைத்துவிடாதீர்கள். பாவம், அவளுக்கு ஒரே வேலைதான். நாள் முழுக்க முட்டையிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது. இந்த ராணியோ புதியவள், இன்னும் முட்டையிடத் தொடங்கவே இல்லை. அதனால் அடையில் ஒரு முட்டைகூடக் கிடையாது.

பொழுது சாய்வதற்குள் பெட்டியின் இரைச்சல் மாறிவிட்டது. தேனீக்கள் வாசலில் எதையோ தேடி அங்குமிங்கும் ஓடின. 

முட்டை உள்ள அடை ஒன்று கிடைத்தால் போதும். வேலைக்காரத் தேனீக்கள் அதிலிருந்து பிறக்கும் ஒரு சின்னப் புழுவுக்குத் தனிப் பால் ஊட்டி, அதையே ராணியாக வளர்த்துவிடும். கிடைக்காவிட்டால் கூட்டமே கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துபோகும்.

அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இன்னொரு தேன்பெட்டி இருந்தது. தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்தின் கடைசி வீட்டுச் செல்லையா மாமாவின் பெட்டி அது. மாமா போன வாரம்தான் இறந்திருந்தார்.

அங்கிருந்து அடை வாங்கலாமா என்று ரூபினி கேட்டதற்கு, தோட்டத்து லாரி ஓட்டும் அவள் அப்பா வேலப்பன் கூடாது என்று தலையை ஆட்டினார். "துக்க வீட்டுலேர்ந்து எதையும் எடுத்துட்டு வரக்கூடாதும்மா. காரியம் முடியட்டும்லா."

அதுவரை தேனீக்கள் தாங்குமா? ரூபினி வாசலில் உட்கார்ந்து அழுதாள். அப்போது பக்கத்து வீட்டார் கடைசி வீட்டுக்குச் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனார்கள். அவள் அழுகையை நிறுத்தினாள்.

"அப்பா, எடுத்துட்டு வரத்தானே கூடாது? நம்ம பெட்டிய அங்க கொண்டுபோகலாம்தானே?"

 அப்பா எழுந்து போய்ப் பெட்டியின் வாசலைத் துணியால் அடைத்தார். தேனீக்கள் எல்லாம் கூடு திரும்பிய அந்தி நேரம் அது. இருவரும் பெட்டியை மெல்லத் தூக்கிக்கொண்டு கடைசி வீட்டுக்கு நடந்தார்கள்.

செல்லையா மாமாவின் மனைவி வடிவம்மாள் அத்தை வெளியே வந்தார். முகம் வீங்கியிருந்தது.

"அத்தை, நாந்தான் தெரியாம ராணிய மிதிச்சிட்டேன்" என்றாள் ரூபினி. "உங்க பெட்டியிலேர்ந்து முட்டை இருக்குற அடை ஒண்ணு வேணும். எங்க பெட்டிய இங்கேயே வச்சிடுறோம்."

 மாமாவின் பெட்டியை அத்தை தொட்டதே இல்லை. மாமா போனபின் அந்தப் பக்கம் போகவும் இல்லை.

"எடுத்துக்கம்மா. அவரு இருந்தா அவரே குடுத்திருப்பாரு" என்றார்.

மறுநாள் காலையில் அப்பா முட்டை உள்ள அடை ஒன்றை எடுத்து ராணி இல்லாத பெட்டியில் வைத்தார். இடம் மாறியது தெரியாத சில தேனீக்கள் பழைய இடத்துக்கே பறந்துபோய்த் தவித்தன. மாலையில் ரூபினி அவற்றை ஓர் அட்டைப்பெட்டியில் சேர்த்துக் கொண்டுவந்து விட்டாள்.

சில நாட்களில் அடையின் ஓரத்தில் நிலக்கடலை போல ஓர் அறை தொங்கியது. ராணி வளரும் அறை அது. வீட்டுக்குள்ளேயே கிடந்த அத்தை, தேநீர்க் குவளையோடு பின்பக்கம் வந்து நிற்கத் தொடங்கினார். புதிய ராணி பிறந்தாள். வெயில் அடித்த ஒரு மதியம் இணை தேடி வெளியே பறந்து, பத்திரமாகத் திரும்பியும் வந்தாள்.

காரியமும் முடிந்துவிட்டது. ஒருநாள் ரூபினி பள்ளிவிட்டு வந்தபோது அத்தை பெட்டியைத் தானே திறந்து வைத்திருந்தார்.

"முட்டை போட்டிருக்கு, வந்து பாரு" என்றார். ஒவ்வோர் அறையின் அடியிலும் நூல் துண்டு போல ஒரு வெள்ளை முட்டை நின்றது.

அன்று மாலை அப்பா பெட்டியைத் தூக்க வந்தார். அத்தை ஒதுங்கி நின்றார்.

"வேணாம்ப்பா" என்றாள் ரூபினி. "இப்பத்தான் அதுங்களுக்கு இந்த இடம் பழகியிருக்கு. இங்கேயே இருக்கட்டும்."

அத்தை சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப நீ தினமும் வரணும். எனக்குத் தனியாப் பாத்துக்கத் தெரியாது."

அத்தைக்கு இப்போது எல்லாம் தெரியும் என்று ரூபினிக்குத் தெரியும். ஆனாலும் அவள் தினமும் போனாள்.