இடப்பக்கமே திரும்பும் குமிழ்

வால்யெவோ நகர ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் கிடந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு, ரடோவானும் யாஸ்னாவும் நேரே மலைமேல் இருந்த தங்கள் பழைய வீட்டுக்கு வந்து இறங்கினார்கள். குறைமாசப் பிள்ளை. அறை இருபத்துநாலு டிகிரிக்குக் கீழே இறங்கவே கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதற்காகவே ரடோவான் ஹீட்டருக்குத் தன் கையால் ஒரு பெட்டி செய்து வைத்திருந்தான். ஒரு குட்டித் திரை, ஒரு ரோட்டரி என்கோடர் குமிழ். வலப்பக்கம் ஒரு 'டிக்' திருகினால் ஒரு டிகிரி ஏறும், இடப்பக்கம் திருகினால் இறங்கும். அவ்வளவுதான் வேலை.

சனியன், அதைக்கூடச் செய்யவில்லை. இருபத்துநாலில் வைத்துவிட்டுக் காப்பி போடப் போனால், திரும்பி வருவதற்குள் பதினாறு.

"கடையில விக்கிறதை வாங்கியிருக்கலாம்ல? எல்லாத்தையும் நீயே செஞ்சாதான் உனக்குச் சோறு இறங்கும்," என்றாள் யாஸ்னா.

"குமிழுக்கு உள்ள காண்டாக்ட் துள்ளித் தப்புக் கணக்குக் காட்டுது, அவ்வளவுதான். ஒரு கெப்பாசிட்டர் போட்டா அடங்கிடும்."

போட்டான். பதினாறு. புரோகிராமை மாற்றி எழுதினான். பதினாறு. கம்பிகளைப் பிடுங்கி மறுபடி சால்டர் வைத்து விரலையும் சுட்டுக்கொண்டான். புது என்கோடரே மாட்டினான். அதற்கும் பதினாறு! பெட்டியைத் தூக்கிப் பனியில் எறியலாமா என்று வந்தது அவனுக்கு.

கடைசியில் லேப்டாப்பை இணைத்து, குமிழின் ஒவ்வொரு அசைவையும் பார்த்தான். துள்ளுகிற காண்டாக்ட் முன்னும் பின்னுமாக உளறும். இது உளறவில்லை. இடப்பக்கம் ஒன்று. ஒரு மூச்சு நேரம். இடப்பக்கம் ஒன்று.

யாரோ நிதானமாகத் திருகுகிறார்கள்.

குமிழை இறுக்கிப் பிடித்தான். ஈரமண் வாடை அடித்தது.

டிக்.

அவன் பிடிக்குள்ளேயே திரும்பியது.

என்கோடரை வெட்டியே எடுத்துவிட்டான். குமிழும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று இருபத்துநாலைப் புரோகிராமிலேயே எழுதினான். அறை சூடேறியது. அப்பாடா என்று உட்கார்ந்தான்.

சன்னல் கைப்பிடி அசைந்தது. கொஞ்சம். ஒரு மூச்சு நேரம். இன்னும் கொஞ்சம்.

சன்னல் படாரென்று திறந்துகொள்ள, பனிக்காற்று தொட்டிலில் விழுந்தது.

"ரடோவான்..." யாஸ்னா தொட்டிலுக்கு ஓடிக் குனிந்தாள். "பிள்ளை உதடு நீலமாகுது."

"தூக்கு. காருக்குப் போ."

"நாப்பது நாள் ஆகாம பிள்ளை வாசலைத் தாண்டக் கூடாது, தாண்டினா அதுவும் கூடவே வரும்னு எங்கம்மா..."

"அம்மா கிடக்கட்டும், நடடி!"

கார் ஹீட்டரை முழுசாக வைத்து மலையிறங்கினான். மூன்றாவது வளைவில் வீடு மறைந்தது. குழந்தை கன்னம் சிவந்து, வீலென்று அழுதது. அந்த அழுகையைக் கேட்டு யாஸ்னா சிரித்தே விட்டாள். அவள் இரண்டு கையும் குழந்தைமேல் இருந்தன.

ரடோவானின் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தன.

கார் ஹீட்டரின் குமிழ் இடப்பக்கம் திரும்பியது. ஒரு மூச்சு நேரம் நின்றது. மறுபடி திரும்பியது.