நீலம் ஏறாத நூல்

ஆடிக் கிருத்திகை. காலை 10.20.

திருத்தணி மலைப்படியில் காவடிகள் ஏறிக்கொண்டிருந்தபோது, மஞ்சள் வேட்டி கட்டிய நாகேந்திரன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மடியிலிருந்து ஒரு மாத்திரை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்தார். கிருத்திகைக்குக் கிருத்திகை அவர் செய்வதுதான். ஐந்து நிமிடத்தில் எழுந்து ஏறுவார்.

இந்த முறை எழவில்லை.

பிற்பகல் 3.10. இன்ஸ்பெக்டர் கோமளவல்லி ஸ்டேஷன் நாற்காலியில் சரிந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் காலை நீட்டினாள். மூன்று நாள் பந்தோபஸ்து, கண்ணுக்குள் மணல். எதிரே பச்சையப்பன். இறந்தவரின் சாயப்பட்டறையில் இருபது வருடம் நூல் நனைத்தவன். காலை எட்டே காலுக்கு முதலாளிக்கு டீ வாங்கிக் கொடுத்தான். எட்டரைக்கு அவர் இவனை வேலையை விட்டு விரட்டினார். "மலையேறு, எறங்க மாட்டே" என்று இவன் கத்தியதைத் தெருவே கேட்டது. டீயில் விஷம் என்று மகள் கவிப்பிரியா புகார் எழுதியிருந்தாள். ஐந்து மணிக்கு மாஜிஸ்திரேட். ரிமாண்ட் தாளில் ஒரு கையெழுத்துப் போட்டால் கோமளவல்லி வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம்.

"எதுக்குய்யா விரட்டினாரு?"

"வெள்ளை நூலுக்கு நீலம் ஜாஸ்தி போட்டுட்டேன்னாருங்க. நீலம் இன்னும் கலக்கவே இல்லைன்னு சொல்லிகினே இருக்கேன், ஈர நூலால மூஞ்சிலயே அடிச்சாரு."

"எறங்க மாட்டேன்னியே?"

"கோவத்துல வந்ததுங்க. எங்க ஊட்டுக்காரிய தெனம் பத்து தபா அப்டித்தான் சொல்றேன். நல்லாத்தான் கீறா."

பட்டறையிலிருந்து எடுத்து வந்திருந்த அந்த நூல்கட்டினை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள் கோமளவல்லி. பளீர் வெள்ளை. நீலத்தின் சாயல்கூட இல்லை. முப்பது வருடம் நிறத்தைப் பார்த்தே பிழைத்த நாகேந்திரனின் கண் இதைத் தவறவிடுமா?

கவிப்பிரியாவை உள்ளே அழைத்தாள்.

"அப்பா காலைல உன்னையும் திட்டினாரா?"

"ஆங் மேடம். எட்டு மணிக்குப் பால் குடுத்தேன். தண்ணிப்பாலு, நீலம் பாயுதுன்னு டம்ளரைத் தள்ளிட்டாரு."

"அதுக்கு முன்னாடி என்ன சாப்ட்டாரு?"

"ஏழு மணிக்கு நாலு மாத்திரை. பரந்தாமன் மாமா மெடிக்கல்ல இருந்து தேதி எழுதி கவர் கவரா குடுப்பாரு. மீதி பையில கீது."

கோமளவல்லி மூன்று கவர்களைப் பிரித்தாள். ஒவ்வொன்றிலும் மூன்றே மாத்திரை.

3.40. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் கௌதமனுக்குப் போன் போட்டாள்.

"எல்லாம் நீலமாத் தெரிய வைக்கிற மாத்திரை எதுனா இருக்கா டாக்டர்?"

"இருக்கு. ஆம்பளைங்க கூச்சப்பட்டு வாங்குறது. ரத்தக்குழாயில ஒரு புரதத்தை அது கட்டிப்போடும். அந்தப் புரதத்துக்கு ஒரு தம்பி. அவன் விழித்திரையில மட்டும் குடியிருக்கான். வெளிச்சம் பட்ட சேதியைக் கடத்துறது அவன் வேலை. டோஸ் ஏறினா தம்பியும் மாட்டிக்குவான், பாக்குறதெல்லாம் நீலம்."

"அதுக்கு மேல நெஞ்சுவலிக்கு நாக்கடி மாத்திரை வெச்சா?"

"பிரஷர் விழும் மேடம். எந்திரிக்க மாட்டாங்க."

4.15. வராந்தாவில் துக்கத்தோடு நின்றிருந்த பரந்தாமன் உள்ளே வந்தார். நாகேந்திரனின் அக்கா புருஷன்.

"மத்த நாளுக்கு மூணு, இன்னிக்குக் கிருத்திகைக்கு மட்டும் நாலு. நாலாவது என்ன?"

"சத்து மாத்திரை மேடம். மலையேறணுமேன்னு..."

"சத்து மாத்திரைக்குப் பால் நீலமாத் தெரியாது. டீ குடிச்சது எட்டே காலுக்கு. பால் நீலமானது எட்டுக்கு. டீக்கு முன்னாடியே மருந்து உள்ள போயாச்சு. மலையில அவர் நாக்கடி மாத்திரை போடுவாருன்னு ஊருக்கே தெரியும். ரெண்டும் சேரக் கூடாதுன்னு மெடிக்கல் வெச்ச உங்களுக்குத் தெரியும். அது சாயக்காரர் கண்ணுல தெரியும்ங்கிறதை மட்டும் யோசிக்கலை. ரத்தம் லேபுக்குப் போயாச்சு."

பரந்தாமன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"காலாவதி மாத்திரை விக்கிறேன்னு திங்கக்கெழமை புகார் குடுக்கறதா இருந்தான். அக்கா புருஷன், பாவான்னு கூடப் பாக்கலை மேடம்."

"நீங்க மச்சான்னு பாத்தீங்களா?" என்றாள் கோமளவல்லி, அலுப்போடு.

4.50. பச்சையப்பன் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். வாசலில் கவிப்பிரியா தலை நிமிராமல் நின்றாள்.

"நான்தாண்ணா எழுதிக் குடுத்தேன்."

"அத்த உடு பாப்பா. ஆஸ்பத்திரில உங்க நைனா ஒடம்ப வாங்கணும். தூக்க ஆள் வேணாமா? நட."