சிவப்பு நூல் நாரை

கத்தரிச் சத்தம் கேட்டுத்தான் ஹமீதுன்னிசா தலை நிமிர்ந்தாள். டக், டக், டக். துணி இல்லாமலே கத்தரியைத் திறந்து திறந்து மூடுகிற பழக்கம் அவள் கணவன் ஷுக்கூருக்கு உண்டு. அவன் மௌத்தாகி ஒரு வருஷம் ஆகிறது. கத்தரியோ தையல் மிஷின் மேல், அவள் கண்ணெதிரே, மூடியபடி கிடந்தது.

பயப்பட வேண்டும் என்று நினைத்தாள். பயம் வரவில்லை. அவன் மையித்தைத் தூக்கிக்கொண்டு போன நாளிலிருந்து அவளுக்குப் பசியும் வருவதில்லை, அழுகையும் வருவதில்லை. அவன் போன பிறகு பிறந்து, தொட்டிலில் தூங்கும் கைக்குழந்தை அமீனாவின் மூச்சு ஒன்றுதான் அவளை அந்த வீட்டில் பிடித்து வைத்திருந்தது.

வாசலில் சைக்கிள் மணி. ஏரிக் காவலாளி மாதையன்.

"பாய் வூட்டம்மா, உங்க கையில என்ன மாயம்ங்க? நாரைங்க எறங்கிடுச்சு! கூடே கட்டுதுங்க!"

பஞ்சத்தில் ஏரி மரங்களை விறகுக்கு வெட்டிய பிறகு நாரைகள் வருவதை விட்டுவிட்டன. வனத்துறை ஏரிக்குள் மண்மேடு போட்டுக் கருவேலம் வளர்த்தும், பறவைகள் மேலே வட்டமடித்துவிட்டுப் போய்விட்டன. இனத்தைக் கண்டால்தான் இனம் இறங்கும் என்று, கிளைகளில் கட்டி வைக்க வெள்ளைத் துணி நாரைகளை அவளிடம் தைக்கக் கொடுத்தார்கள். கடைசி நாரைக்குத் துணி போதவில்லை. பெட்டியில், ஷுக்கூரை அடக்கம் செய்யச் சுற்றிய கஃபன் துணியில் மிஞ்சிய துண்டு இருந்தது. 'மிச்சத் துணிக்கும் ஒரு உடம்பு கிடைக்கும், வீசாதே' என்பான் அவன். அதையே நாரையாக வெட்டி வைக்கோல் திணித்தாள். வெள்ளை நூல் தீர்ந்துபோக, நெஞ்சைச் சிவப்பு நூலால் மூடினாள்.

"ஒன்னுதாங்க காணோம். அந்தச் செவப்பு நூல் போட்டது" என்றான் மாதையன். "கெளையில கட்டுன முடிச்சு அவுழவே இல்ல. சோடி தேடிக்கிட்டு ஓடிப்போச்சோ என்னமோ!"

அவன் மட்டும் சிரித்தான்.

"நாரைங்களுக்குத் தொண்டையில சத்தம் வராதுங்க. அலகத் தட்டித்தான் சோடியக் கூப்புடும்."

அவன் போனதும் மழை பிடித்துக்கொண்டது. பொழுது சாயும் முன்பே கரண்டு போய், ஓட்டின் மேல் விழும் மழைச்சத்தத்துக்கு அடியில் வீடு மெல்ல இருண்டுகொண்டு வர, எங்கிருந்தோ ஏரிச் சேற்றின் வாடையும், அதற்குள்ளே மையித்து வீட்டில் மணந்த கற்பூர வாடையும் சேர்ந்து வந்தன. அவள் லாந்தர் ஏற்ற அடுப்படிக்குப் போனாள்.

டக், டக்.

வீட்டுக்குள்.

லாந்தரோடு திரும்பினாள். ஜன்னல் திறந்திருந்தது. தரையில் ஈரம். ஈரத்தில் கருவேலஞ் சுள்ளிகள். ஒன்றன்பின் ஒன்றாக, தொட்டில் வரைக்கும்.

அமீனாவின் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை.

"அமீனா?"

தொட்டில் நிறைய முள். கூடு. அதன்மேல் வெள்ளையாய் ஒன்று அடைகாத்து உட்கார்ந்திருந்தது. நெஞ்சில் அவள் போட்ட சிவப்புத் தையல். வைக்கோல் நெஞ்சு ஏறி இறங்கியது. சிறகுக்கடியில் குழந்தையின் முகம். கண் விழித்திருந்தாள். அழவில்லை. பல் முளைக்காத வாயைத் திறந்து மூடினாள்.

டக்.

அப்போதுதான் ஹமீதுன்னிசாவுக்குப் பயம் வந்தது. ஒரு வருஷத்துப் பயமும் ஒன்றாக வந்தது.

"குடுத்துடுங்க" என்று கை நீட்டினாள். "எம் புள்ளைய எங்கிட்டக் குடுத்துடுங்க."

அது கொத்தவில்லை. குழந்தையை விடவும் இல்லை. மெதுவாக நகர்ந்து, கூட்டில் இடம் ஒதுக்கி, மறு சிறகையும் ஹமீதுன்னிசாவுக்காகத் தூக்கிப் பிடித்தது.