சந்தை நாளில் அறுந்த இணைப்பு

ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில் அந்த மாடி அறையில் நால்வர் இருந்தார்கள். ஜன்னலோரம் அனுசுயா; கணினிக் குற்றங்களைத் துப்பறிவது அவர் தொழில். பக்கத்தில், மடிக்கணினியைத் திறந்தபடி உதவியாளன் பிராங்க்ளின். எதிரே, திருச்சியில் மருத்துவமனை நடத்தும் டாக்டர் சுபஸ்ரீ. வாசலையொட்டி, நாற்காலியின் நுனியில், அந்த மருத்துவமனையின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ரஞ்சித்.

விஷயத்தை டாக்டரே சொன்னார். பச்சைமலைக் கிளையிலிருந்து நோயாளிகளின் ஈ.சி.ஜி. இணையம் வழியே திருச்சிக்கு வரும். அந்த இணைப்பைக் காக்க, தானாகக் கற்றுக்கொள்ளும் நிரல் ஒன்றை ஐப்பசியில் வைத்தார்கள். அந்த மாதத்துத் தரவுப் போக்குவரத்தைப் பார்த்துப் பழகிக்கொண்டு, அதற்கு மாறாக எது வந்தாலும் தாக்குதல் என்று இணைப்பை வெட்டிவிடும். இப்போது வெள்ளிதோறும் வெட்டுகிறது. கடவுச்சொல் ரஞ்சித்திடம் மட்டுமே இருந்தது. அவன் அதை விற்றுவிட்டான் என்று ஆஸ்பத்திரியே பேசியது. அவன் வேலை நாளையோடு போகும்.

"யாரோ உள்ளே புகுந்துட்டாங்க மேடம்," என்றான் பிராங்க்ளின் ஆவலாக.

"எந்த வழியா வந்தாங்கன்னு பாருங்க."

இணைப்பின் பதிவுகளைத் துழாவிப் பார்த்தான். வெளியிலிருந்து ஒருவரும் நுழையவில்லை. வந்து குவிந்தவை எல்லாம் மலையிலிருந்த சொந்தக் கருவி அனுப்பிய ஈ.சி.ஜி.க்களே.

அனுசுயா மலை நர்ஸ் அமிர்தத்துக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி வைத்தார். ஐப்பசி மழையில் பாதை சரிந்து பஸ்ஸே ஏறவில்லையாம்.

"வெள்ளிக்கிழமை என்னங்க விசேஷம்?"

"சந்தைங்க. சாமான் வாங்க வர்றவங்க அப்படியே நெஞ்சு வலியையும் காட்டிட்டுப் போவாங்க. இதுக்குன்னு தனியா யாரு பஸ் ஏறுவா? ஐப்பசியில சந்தை கூடவே இல்ல. இப்ப வெள்ளியில இணைப்பு அறுந்தா, வலின்னு வர்றவங்களை நான்தான் ஜீப் பிடிச்சுத் திருச்சிக்கு அனுப்புறேன்."

பிராங்க்ளின் நிரலின் நகலுக்குச் சந்தை நாட்களையும் காட்டிப் பழக்கினான். பிறகு, போன வெள்ளி வந்ததை அப்படியே உள்ளே விட்டான். நிரல் வெட்டவில்லை.

"ஆள் நடமாட்டம் இல்லாத மாசத்துல காவலுக்கு வச்சிருக்கீங்க டாக்டர்," என்றார் அனுசுயா. "சந்தைக் கூட்டத்தைப் பார்த்ததும் கொள்ளைக் கூட்டம்னு கதவைச் சாத்திடுச்சு. இனிமே சந்தேகம் வந்தா சாத்தாம, வேற வழியில ஒவ்வொண்ணா உள்ளே விடப் பழக்குங்க. நிஜத் திருடன் வந்தாலும் நோயாளி வெளியில நிக்கக் கூடாது."

டாக்டர் எழுந்து ரஞ்சித்திடம் வந்தார். "தப்பு எங்க மேல தம்பி. நாளைக்கு வழக்கம்போல வாங்க."

ரஞ்சித் எழுந்தான். அனுசுயாவைப் பார்த்துக் கைகூப்பினான்.

"எனக்கு எதுக்குங்க? இணைப்பு அறுந்த வெள்ளியெல்லாம் அமிர்தம்தான் ஜீப் பிடிச்சு ஆளுங்களைத் திருச்சிக்கு அனுப்பியிருக்காங்க. யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தா உங்களை யாரு நம்பியிருப்பா?"

ரஞ்சித் அங்கேயே ஒரு தாள் வாங்கி எழுத உட்கார்ந்தான். 'அமிர்தம் அக்காவுக்கு' என்று தொடங்கியதும் கண்ணீர் மறைத்தது, துடைத்துக்கொண்டு எழுதினான். அவர் ஜீப் ஏற்றிவிட்ட ஒவ்வொருவரோடும் தானும் பிழைத்ததாக எழுதி முடித்து, உறையிலிட்டு ஒட்டி, தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டான்.