புதன்கிழமை மீன்

"வீ...ல்!"

நாயோடு ஏரிக்கரையில் உலாவ வந்த சீமாட்டி போட்ட அலறலில், படகுத்துறையில் தூங்கிய வாத்துகள்கூட எழுந்துவிட்டன.

தண்ணீரில் ஒரு பிணம்... குப்புற!

ஸேவீசன். எங்கடின் பள்ளத்தாக்கில் பச்சைப் புல்வெளிக்கு நடுவே ஓர் ஏரி, அதைச் சுற்றி நாலு ஹோட்டல். அவ்வளவுதான் ஊர். 1985 ஒக்டோபர். கோடைக்கு வந்தவர்கள் போய்விட்டார்கள். பனிச்சறுக்குக்காரர்கள் இன்னும் வரவில்லை. கொலைகாரனுக்குக்கூடக் கொட்டாவி வரும் பருவம்!

செத்தவன் குணசேகரம். யாழ்ப்பாணத்து அகதி. ஹோட்டல் சமையலறையில் மரக்கறி வெட்டுகிறவன். பின்மண்டை பிளந்திருந்தது.

மாட்டியவன் அலோசியஸ். மன்னார் அகதி. அதே சமையலறையில் கோப்பை கழுவுகிறவன். குணசேகரத்தின் அறைத்தோழன். முதல்நாள் மாலை இருவரும் சண்டை போட்டதை ஹோட்டலே கேட்டிருந்தது.

குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்து ஒன்று விழுந்தால் சிறை. சிறை முடிந்தால் கொழும்பு விமானம். அங்கே யார் வரவேற்பார்கள் என்று அலோசியஸுக்குத் தெரியும். மாலையோடு அல்ல!

ஹோட்டல் சாப்பாட்டு அறையில் விசாரணை. இன்ஸ்பெக்டர் ஹூபர் தடிமன் பிடித்த மூக்கைத் துடைத்தபடி சோர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் இரவீந்திரன். ஆராவிலிருந்து ரயிலில் வந்தவர். கோட், டை... ஆனால் முகத்தில் அன்று மழிக்காத தாடி முள். பொலிஸ் கூப்பிடக்கூடிய தமிழ் மொழிபெயர்ப்பாளர் இந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான்.

"செத்தவரை உங்களுக்குத் தெரியுமா?" என்று ஹூபர் ஜெர்மனில் அவரைக் கேட்டபோது, "யாரென்றே தெரியாது" என்று சொல்லிவிட்டுத்தான் அமர்ந்தார்.

"தம்பி, ஏன் சண்டை பிடிச்சனி?" இரவீந்திரன் அலோசியஸைக் கேட்டார்.

"கறிச்சட்டியை ஊற வைக்காமல் விட்டிட்டார் அண்ணை. சுரண்டிச் சுரண்டி என்ரை நகம் போச்சுது. அதுதான் கத்தினனான்."

சொன்னது ஒரு பிடி. இரவீந்திரன் அதை ஜெர்மனில் ஒரு மூட்டையாக்கி இறக்கினார்!

ஹூபரின் புருவம் ஏறியது. பேனா ஓடியது.

"என்ன அண்ணை, இவ்வளவு நேரம் கதைக்கிறியள்?"

"ஜெர்மன் நீளமான பாஷை, தம்பி. பேசாமல் ஒத்துக்கொள். கோவத்திலை அடிச்சனான் எண்டு சொன்னால் தண்டனை குறையும்."

"அடிக்கேல்லையே அண்ணை!"

இரவீந்திரன் மறுபடி மொழிபெயர்த்தார். ஹூபர் ஒரு தாளை அலோசியஸின் பக்கம் தள்ளினார். பேனாவையும்!

அப்போது சமையல்காரர் மூன்று தட்டுகளை வைத்தார். ஏரிமீன் பொரியல்.

கொலையாளிக்கும் பசிக்கும் என்று நினைக்கிற ஊர் அது. நல்ல ஊர்!

ஹூபர் சாப்பிட ஆரம்பித்தார். இரவீந்திரன் மீனை ஒதுக்கிவிட்டு உருளைக்கிழங்கை மட்டும் எடுத்தார்.

அலோசியஸ் பார்த்தான்.

"அண்ணை, மீன் மச்சம் சாப்பிடுறேல்லையோ?"

"விரதம்."

"புதன்கிழமையிலையோ? வெள்ளியெண்டாலும் பரவாயில்லை."

"உனக்கென்ன தெரியும்? நீ சிலுவை போடுற வேதக்காரன்."

"வேதக்காரன்தான். ஆனால் ஒரு சைவக்காரனோடை ஒரே அறையிலை கிடந்தவன். ஊரிலை தேப்பன் செத்த செய்தி வந்தாப்போலை குணா அண்ணையும் இப்பிடித்தான்... சேவ் எடுக்கேல்லை, மச்சம் தொடேல்லை. சொந்தத்திலை சாவு விழுந்த துடக்காம்."

இரவீந்திரனின் முள்கரண்டி நின்றது.

"உங்களுக்கு ஆர் செத்த துடக்கு, அண்ணை?"

"ஊரிலை... ஒரு சித்தப்பா..."

"ஆராவிலை தனக்கொரு பெரியப்பான்ரை மகன் இருக்கிறார், வாயாலை பிழைக்கிறவர் எண்டு குணா அண்ணை சொல்லுறவர். அது நீங்களோ?"

"விசர்க்கதை கதையாதை!"

அலோசியஸ் தாளை இழுத்தான். பேனாவைக் கையில் எடுத்தான்.

"அப்ப ஒரு துண்டு மீன் சாப்பிடுங்கோ. சாப்பிட்டியள் எண்டால், நான்தான் கொலை செய்தனான் எண்டு இப்பவே கையெழுத்து வைக்கிறன்!"



இரவீந்திரன் ஒரு துண்டைக் குத்தி எடுத்தார்... வாய்வரை கொண்டுபோனார்...

கொல்லும்போது கை கூசவில்லை. தின்னும்போது வாய் கூசியது!

துண்டு தட்டில் விழுந்தது.

"என்ன நடக்கிறது இங்கே?" என்று ஜெர்மனில் உறுமினார் ஹூபர்.

அலோசியஸுக்குத் தெரிந்த ஜெர்மன் கொஞ்சம். மீன் சமையலறைச் சொல். சகோதரன் என்பது அகதி விசாரணையில் எல்லோரிடமும் கேட்கும் சொல். செத்தான் என்பது அன்று காலையிலிருந்து ஹோட்டல் முழுக்கக் கேட்கும் சொல்.

மூன்றையும் ஓர் 'இல்லை'யோடு ஒட்டினான்.

"ஃபிஷ், நைன்!" இரவீந்திரனைச் சுட்டினான். "ப்ரூடர்... டோட்!"

ஹூபர் மெல்லுவதை நிறுத்தினார். யாரென்றே தெரியாது என்றவனுக்கு, செத்தவன் சகோதரனா? கண்ணைக் காட்டினார். வாசலில் நின்ற பொலிஸ்காரர் கதவைச் சாத்தினார்.

இரவீந்திரன் முகத்தைப் பொத்திக்கொண்டு தமிழில் அழுதார்.

"எனக்கு ஜெர்மன் அரைகுறை, தம்பி. அகதி விசாரணையிலை விளங்காத இடமெல்லாம் நானே இட்டுக்கட்டிச் சொன்னன். குணா கண்டுபிடிச்சிட்டான். பொலிசிலை சொல்லப்போறன் எண்டவன். நேற்று வந்து கெஞ்சினன்... கேக்கேல்லை. படகிலை கிடந்த துடுப்பாலை அடிச்சுப்போட்டன்!"

"என்ன சொல்கிறார்?" என்றார் ஹூபர்.

பதில் சொல்ல அந்த அறையில் ஒரே ஒரு மொழிபெயர்ப்பாளர்தான் இருந்தார்.

இரவீந்திரன் கண்ணைத் துடைத்தார். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, தன் கொலையைத் தானே ஜெர்மனில் சொன்னார். இந்த முறை மூட்டை இல்லை. தமிழில் எவ்வளவோ, ஜெர்மனிலும் அவ்வளவே!

விலங்கு பூட்டினார்கள்.

கையெழுத்திலிருந்து தப்பிய களைப்பில் அலோசியஸ் நாற்காலியில் சாய்ந்தான்.

"அண்ணை, இண்டைக்கு மாதிரி எங்கடை கேஸுகளையும் மொழிபெயர்த்திருந்தியள் எண்டால், பாதிச் சனத்துக்கு எப்பவோ விசா கிடைச்சிருக்கும்!"