மூன்றாம் அறை, உள்ளே ஆள்

"அந்த அலாரத்த ஊமையாக்குன்னு எத்தினி தபா சொல்றது தம்பி?" என்று ஜெகதீசன் மேஜையைத் தட்டினார். "ஊமையாக்கினா உள்ள மாட்டுறவங்க கதி என்ன சார்?" என்று ஹரிசங்கரும் குரலை உயர்த்திவிட்டான்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலைப் பார்த்த இறால் கம்பெனி அது. ஜெகதீசன் அங்கே சூப்பர்வைசர்தான். குரல் மட்டும் முதலாளியுடையது. ஹரிசங்கர் சிறுசேரியிலிருந்து வந்த இன்ஜினியர். குளிர் அறைகளையெல்லாம் ஒரே திரையில் காட்டி, ஏதாவது கெட்டால் கம்ப்யூட்டரைக் கத்த வைப்பது அவன் வேலை. அன்று மதியத்திலிருந்து அது ஒன்றையே கத்திக்கொண்டிருந்தது: மூன்றாம் அறை, உள்ளே ஆள்.

அந்த அறைக் கதவின் உள்கைப்பிடி உடைந்து ஒரு மாதமாகிறது. மாட்டிக்கொண்டவருக்குச் சுவரில் இருக்கும் சிவப்புப் பட்டனை விட்டால் வேறு வழி இல்லை. மூன்று முறை திறந்து பார்த்தாயிற்று. பெட்டிகள், வெண்புகை, ஆள் இல்லை. மூன்றாவது முறை பார்க்கப் போனவள் பேக்கிங் வேலை செய்யும் சம்பூர்ணம். சுவரெல்லாம் பனி, பட்டன் மேல் மட்டும் துடைத்த மாதிரி இருக்கிறது என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள்.

ஹரிசங்கர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாத காரணம் ஆபீசுக்கே தெரியும். அன்று ஆறு மணிக்குச் செங்கல்பட்டில் அவனுக்கும் ஹம்சினிக்கும் நிச்சயதார்த்தம். போன வருஷம் ஒரு சம்பந்தம், இவன் ஏதோ ஆலையில் சிக்கி மூன்று மணி நேரம் தாமதமாகப் போனதில் முறிந்து, அவன் அம்மா இன்னும் அதைச் சொல்லி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். ஜெகதீசன் கையெழுத்துப் போடாமல் கிளம்ப முடியாது. அலாரம் ஓயாமல் அவரும் போடமாட்டார். கதவைத் திறக்கத் திறக்கச் சரக்கு இளகுகிறதாம்.

ஆகவே ஒரு நடுவழி கண்டுபிடித்தான். பட்டனை முப்பது விநாடி விடாமல் அழுத்தினால்தான் அலாரம் வரும்படி மாற்றினான். பழுதான சுவிட்ச் விட்டுவிட்டுத் துடிக்கும். மனுஷன்தானே அழுத்திப் பிடிப்பான்.

ஆபீஸ் அறை அமைதியானது. ஏசியின் முனகல், எத்தனை கதவு சாத்தினாலும் உள்ளே வந்துவிடும் இறால் வாடை, ஜன்னலுக்கு வெளியே கண் கூசும் வெயிலில் சத்தமில்லாமல் வந்து மடியும் அலை, தரையில் அசையும் சவுக்கு மர நிழல் என்று எல்லாம் இயல்பாக இருக்க, அவன் பெருமூச்சு விட்டு முடிப்பதற்குள் அலாரம் அலறியது. முப்பது விநாடி அழுத்தியிருக்கிறது.

ஒரு நிமிஷமாக்கினான். ஒரு நிமிஷம் அழுத்தியது.

ஐந்தாக்கினான். திரையின் மூலையில் ஒரு கோடு உண்டு. பட்டன் அழுந்தினால் ஏறும், விட்டால் இறங்கும். ஏறியது. இறங்கவில்லை. சரியாக ஐந்தாவது நிமிஷத்தில் அலாரம். உடனே கோடு இறங்கியது.

எத்தனை நிமிஷம் என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை.

இருபது என்று அடித்தான். திரை பச்சையானது. ஜெகதீசன் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். ஹரிசங்கர் பையை மூடினான். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தான்.

கோடு ஏறியிருந்தது.

எட்டு நிமிஷம். சுவிட்ச் கோளாறு. பன்னிரண்டு. கோளாறுதான். பதினாறு.

கதவில் ஜெகதீசனின் தலை. "சம்பூர்ணம் இந்தாண்ட வந்துச்சா தம்பி? பொட்டி எடுக்கப் போச்சு, காணோம்."

ஓடினான். நடைபாதை. ஈரத் தரை. மூன்றாம் கதவு. இழுத்தான். புகை.

பட்டனுக்கு நேர் கீழே சம்பூர்ணம் சுருண்டிருந்தாள். உயிர் இருந்தது. உதடு நீலம். இரண்டு கைகளும் அக்குளில்.

இழுத்து வெளியே போட்டார்கள். பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தது நல்லதாய்ப் போயிற்று என்றான் ஹரிசங்கர்.

"நான் அமுக்கல சார்." பற்கள் அடித்துக்கொண்டன. "அமுக்க எடம் எங்க கீது? அவ கைய எடுக்கவே இல்ல."

சம்பூர்ணம் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னாண்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. இப்ப எத்தினி நிமிசம் வெச்சிகிறான்னு."

நிச்சயதார்த்தம் எட்டரைக்கு நடந்தது. மாப்பிள்ளை பேயறைந்த மாதிரி இருந்தார் என்பது பெண் வீட்டார் சொன்ன ஒரே குறை. தை மாதம் கல்யாணமும் ஆயிற்று. சம்பூர்ணம் மதுராந்தகத்தில் மகள் வீட்டுக்கே போய்விட்டாள். ஜெகதீசன் இப்போது அச்சரப்பாக்கத்தில் மச்சான் உரக்கடையில் உட்கார்ந்து, அங்கேயும் முதலாளி குரலில்தான் பேசுகிறாராம்.

ஹரிசங்கரும் ஹம்சினியும் படூரில் நான்காவது மாடிக்குக் குடிவந்தார்கள். வந்த வாரமே அவன் காலிங் பெல் வயரைப் பிடுங்கிவிட்டான். வருகிறவர்கள் கதவைத் தட்ட வேண்டியதுதான். எதிர் வீட்டுச் சந்திரம்மாவுக்கு அதில் ஏகப்பட்ட குறை. மே மாதம், உச்சி வெயிலில், வாங்கிய தயிர்க் கிண்ணத்தைத் திருப்பித் தரப் போனவள் தட்டக் கை ஓங்கி நின்றுவிட்டாள்.

வயரில்லாத அந்த பெல் சுவிட்ச் அடிவரை அழுந்தியிருந்தது. சுற்றிலும் உள்ளங்கை அகலத்துக்கு வெண்பனி. கதவுக்கு உள்பக்கம், ஹரிசங்கர் மெல்லிய குரலில் நிமிஷம் எண்ணிக்கொண்டிருந்தான்.